ஐந்து மணிக்குள்

பெயிண்ட் கம்பெனி கொடுத்த பரிசு அது.
மூன்று வருடம் டார்கெட் தாண்டிய டீலர்களுக்கு
நான்கு இரவு, ஐந்து பகல், கப்பல்.
வீட்டுக்காரருக்குக் கடையைப் பூட்ட மனசில்லை.
"நீயே போய்ட்டு வா, தண்ணி உனக்குப் புதுசா?" என்றார்.

புதுசில்லைதான்.
ஏரியூரில் கடை, கொளத்தூரில் பாக்கிக்காரர்கள்,
நடுவில் மேட்டூர் அணைக்குத் தேங்கிய காவிரி.
வாரம் இரண்டு தரம் ஒட்டனூரில் படகேறி
கோட்டையூரில் இறங்குகிறவள் நான்,
ஸ்கூட்டியும் இருபது லிட்டர் வாளியுமாக.

எங்கள் துறைக்கு நிலையான இடம் கிடையாது.
அணை நூறடி என்றால் புளியமரத்துக்குக் கீழே.
எழுபதடி என்றால் சேற்றில் அரை மைல் நடை.
பேப்பரில் நான் முதலில் பார்ப்பது நீர்மட்டம்.
ராசிபலன் அப்புறம்.

அந்தத் தீவின் துறைமுகமோ
சிமெண்டில் காலூன்றி நின்றது.
இறக்கிவிடும்போதே சொல்லிவிட்டார்கள்:
ஐந்து மணிக்குள் ஏறிவிடவும்,
வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது.
ஒலிபெருக்கியில் மூன்று மொழி.
மூன்றிலும் நிற்காது.

ஓசூர் டீலர் ரங்கப்பாவும் அவர் மனைவியும்
டாக்ஸி பிடித்துக் கோட்டை பார்க்கப் போனார்கள்.
நான் எதிர்க்கரைப் படகுக்கு வரிசையில் நின்றேன்.
சில்லறையை உள்ளங்கையில் விரித்துக் காட்ட,
டிக்கெட் பையன் தனக்கு வேண்டியதை மட்டும்
கோழி பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டான்.

டீசல் வாடை.
அட, தெரிந்த வாடை.
பள்ளிக்கூடப் பைகள், ஒரு கேஸ் சிலிண்டர்,
தூங்கி வழிகிற போலீஸ்காரர்,
இன்னும் வாய் அசைகிற மீன் கூடையோடு ஒரு பெண்.
நல்ல வெளிச்சம். போனை எடுத்தேன்.
அவள் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
போன மாசியில் பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள்
வாளியோடு நான் படகில் குந்தியிருந்ததை
"ஆன்ட்டி, அப்படியே இருங்க" என்று பிடித்தார்கள்.
அன்றைக்கு நான் பார்த்ததும் இதே பார்வைதான்.
எங்கேயோ யாருடைய போனிலோ
நான் இன்னும் அப்படியே இருக்கிறேன்,
தலை வாராமல்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு
கூடையைக் காட்டி விலை கேட்டேன், விரலால்.
விரலால் சொன்னாள்.
அதிகம் என்று உச்சுக்கொட்டினேன்.
சிரித்தாள். முன்பல் ஒன்றில் தங்கம்.
வாங்கி எங்கே பொரிக்க, கப்பலிலா?

எதிர்க்கரையில் பார்க்க ஒன்றுமில்லை.
ஒரு டீ. ஒரு ஹார்டுவேர் கடை.
அங்கேயும் சுண்ணாம்பு மூட்டைமேல் பூனை.

திரும்புவதற்கு நிற்கும்போது நாலு பத்து.
நாலரை. படகைக் காணோம்.
தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்கள் கப்பல்,
பதினோரு மாடி, வெள்ளை வெளேரென்று,
ஒரு ஊரே எழுந்து கிளம்புவதுபோல் புகை விட்டது.
கழுத்தில் தொங்கிய அட்டையை இறுக்கிப் பிடித்தேன்.
ஏரியூர் மாரியம்மன் கோயில் கதவுக்கு
ஒரு லிட்டர் எனாமல் நேர்ந்துகொண்டேன்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஏறினேன்.
மேல்தளத்திலிருந்து ரங்கப்பா கைதட்டினார்.

இன்று ஒட்டனூர்.
அணை எண்பத்திரண்டு. துறை சரிவில் இறங்கியிருக்கிறது.
வண்டியைப் பலகையில் ஏற்றிக் கட்டியாயிற்று.
மாதையன் கயிற்றை அவிழ்க்கவில்லை.
மேட்டில் ஏதோ அசைகிறது,
ஆளா ஆடா என்று தெரியாத தூரம்.
"எடுப்பா, அங்க ஆள் காத்திருக்கான்" என்கிறேன்.
"இருக்கா, வந்துட்டாங்க."

பதினைந்து நிமிடம்.
ஆடுதான்.
பின்னால் அதைத் துரத்திக்கொண்டு ஒரு பையன்.
அவன் அக்கரைக்கு வரவில்லையாம்.

நான் கத்திய கத்தலில் கொக்கு பறந்தது.
மாதையன் பல்லைக் காட்டியபடி மோட்டாரை இழுத்தான்.
டீசல் வாடை.
நடுத்தண்ணீரில் கேட்டான்,
கப்பல் எப்படிக்கா இருந்தது?

நேரத்துக்குக் கிளம்பும், என்றேன்.